பதினோரு அடி

தேசியப் பூங்காவின் கடற்கரை முகாமுக்குள் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வரும் கேரவன் வீடு ஒன்று நுழைந்தால் போதும், பக்கத்து ஆட்கள் பீரும் கையுமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அதைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை வேடிக்கை பார்க்கத்தான்.

க்ளெனிஸ் நான்காவது முறையாகக் காரை முன்னால் நகர்த்திக் கேரவனை இழுத்தாள்.

"நேராத்தானேம்மா நின்னுச்சு?" என்றார் பக்கத்து இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாரல்.

"ரெண்டடி தள்ளிப் போச்சு."

"ரெண்டடியில என்ன குடிமுழுகிப் போகுது? வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, ஒரே தடவையில நிறுத்திடுவார்."

கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்த ராஸ் சிரித்தார். "ஸ்டியரிங்கை அவகிட்டயே குடுத்துட்டேங்க."

"குடுத்து வெச்ச மனுஷன்."

க்ளெனிஸின் போன் அடித்தது. பெர்த்திலிருந்து மகள். "பிடிவாதம் போதும்மா. அப்பாவை வச்சுக்கிட்டு இனிமே ஊர் சுத்த முடியாது. கேரவனை வித்துடு."

"அப்புறம் சொல்றேன்."

ஐந்தாவது முறை நிறுத்திவிட்டு இறங்கினாள். கேரவன் படியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை நடந்து பார்த்தாள். வழியில் டாரலின் நாற்காலி.

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."

ராஸைக் கைபிடித்து வந்து படியில் நிறுத்தி, கெட்டிலைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"முப்பது வருஷமா நிறுத்தற அதே இடமா?" என்றார் ராஸ்.

"அதே இடம்."

அவர் வாய்விட்டு எண்ணியபடி நடந்தார். "ஒன்பது, பத்து, பதினொண்ணு." கை நேராகக் குழாயில் போய் நின்றது.

டாரல் பீரைக் கீழே வைத்தார்.

"அவருக்குக் கண்ணு போய் ஒரு வருஷமாச்சு," என்றாள் க்ளெனிஸ்.

கெட்டில் நிறைந்ததும் ராஸ் குழாயை மூடினார். "மகளுக்குப் போன் போடு. தண்ணி பிடிச்சுட்டேன்னு நானே சொல்றேன்."