ஒரு மாதம் முந்திய எலி

தூத்துக்குடி ரெஜினாளுக்கு எலி என்றாலே குமட்டும். ஆனால் கணவர் அல்போன்சின் நுரையீரல் இறுகத் தொடங்கியதும், அதே நோயைச் சுமந்த ஒரு எலியை ஆஸ்பத்திரி கூண்டோடு வீட்டுக்கு அனுப்பியது. கூடவே கொடுத்தனுப்பிய நீலத் தண்ணீர் குடித்தால் எலிக்கு நோய் முற்றும். வெறும் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். தினமும் நீலத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அல்போன்சுக்கு அடுத்த மாதம் வரப்போவது எலிக்கு இப்போதே வந்துவிடும். டாக்டர் எலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துத்தான் அவருக்கு அளவு சொல்வார்.

இரண்டே வாரத்தில் எலி அச்சு அசலாக அல்போன்சைப் போலவே மூச்சு இழுத்தது, அவரைவிட மோசமாக. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ரெஜினாள் யாருக்கும் தெரியாமல் வெறும் தண்ணீரை ஊற்றினாள். எலி துள்ளிக் குதித்தது. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் மகிழ்ந்துபோய் அல்போன்சின் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அல்போன்ஸ் பிரியாணி வாங்கி வந்தார்.

நான்காம் நாள் செருப்பு மாட்டக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. ரெஜினாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

"கூறு கெட்டவளே, எலிக்குப் பாவம் பாத்து என்னைய அனுப்பப் பாத்தியே!"

"எலிக்கு யாரு பாவம் பாத்தா? அது இழுக்கையில உங்க மூஞ்சிதானங்க தெரிஞ்சுது."

 அல்போன்ஸ் டாக்டருக்குப் போன் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, பழைய அளவு மருந்தை விழுங்கினார். பிறகு நீலத் தண்ணீர் பாட்டிலைத் தானே கூண்டில் மாட்டினார்.

"ஏலே, குடி. எனக்கு முந்திப் போறவன் நீதான். வழி சரியில்லேன்னா சத்தம் போட்டுச் சொல்லிரு."

எலி குடித்தது. ரெஜினாள் இந்த முறை வெறும் தண்ணீர் எடுக்க எழுந்து போகவில்லை. அவர் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.