பல் டாக்டரின் வெள்ளைக் கார்

திரையில் நான் ஒரு காரை அடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடியிலேயே சுத்தியலின் தலை கழன்று சாக்கடையில் விழுந்தது. கையில் மிஞ்சிய பிடியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தேன். கோர்ட்டில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

இரண்டாவது அடி செருப்பால். காருக்கு ஒன்றும் ஆகவில்லை; அவமானப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது அடி செங்கல்லால். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கையை விட்டுச் சாவியைத் துழாவியவனுக்குக் கிடைத்தது ஒரு பல்செட். அது என் கார் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் குடியிருப்பில் வெள்ளைக் கார்கள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது கீழ்வீட்டுப் பல் டாக்டருடையது. அன்று என் காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டேன், கூடவே காது மெஷினையும்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கார் தப்பிவிட்டது.

என் கார் என்று நினைத்து உடைத்தேன், குற்றம் செய்யும் எண்ணமே இல்லை என்பதுதான் எங்கள் வாதம். ஆனால் வண்டி நிறுத்தும் இடத்துக்காக டாக்டரோடு எனக்கு நெடுநாள் தகராறு. "உங்க கார் கண்ணாடிய ஒருநாள் உடைக்காம விடமாட்டேன்" என்று குடியிருப்போர் கூட்டத்தில், அதுவும் மைக்கில், சொன்னவன் நான். மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் சொன்னேன்.

வேண்டுமென்றே செய்தது என்று முடிவானால் வேலை போய்விடும். அரசாங்க அச்சகம்.

எனக்காக வாதாடியவன் மனைவியின் தம்பி. "அத்தான், நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே பாதி கேஸ் ஜெயிச்ச மாதிரி" என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே அழைத்து வந்தான்.

அரசு வக்கீல் குடியிருப்புக் கேமராவில் பதிவான அந்தப் படத்தை முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். இந்த முறை சத்தத்தோடு. எங்களுக்குத் தந்திருந்த பிரதியில் சத்தம் இல்லை.

சுத்தியல் விழுந்ததும் மாடியிலிருந்து ஒரு பெண்குரல்.

"ஏங்க! அது நம்ம கார் இல்லீங்க!"

அரசு வக்கீல் படத்தை நிறுத்தினார். "இதுக்கு அப்புறமும் ரெண்டு அடி. காது கேக்காதுங்கிறது கேஸுக்காக வந்த வியாதி."

மைத்துனன் எழுந்தான். ஆட்சேபிக்கப் போகிறான் என்று நினைத்தேன். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிறுத்தாதீங்க. முழுசா ஓடட்டும்."

அது வக்கீலின் குரலாக இல்லை.

ஓடியது.

"ஐயோ, மெஷினக் காதுல மாட்டாம போயிருக்காரே மனுசன்! ஏங்க... செருப்பால எதுக்குங்க அடிக்கிறீங்க?"

அதற்கப்புறம் வார்த்தை இல்லை, சிரிப்புதான். மூச்சு வாங்கி, விக்கல் எடுத்து, மறுபடியும் சிரிப்பு. நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று இதில் ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை.

"அந்த அம்மாவையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாமே, வக்கீல் சார்?" என்றார் நீதிபதி, சிரிப்பு அடங்காமலே.

முதலில் தலைகுனிந்தவர் பல் டாக்டர். எங்கள் சண்டைக் காலம் முழுவதிலும் அவர் தானாக வெளியே வந்து காரை நகர்த்தியது ஒரே ஒரு நாள்தான். போன மாதம், அமரர் ஊர்தி எங்கள் வீட்டுக்கு வருவதற்காக.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

மைத்துனன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். நான் காது மெஷினைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

"ஐயா, இன்னொரு தடவை முதல்லேர்ந்து போடச் சொல்லுங்க."