மரவட்டை எடுத்த கணக்கு

"ஒற்றைப் புற்றில் முந்நூறு உழைப்பாளிகள். தோப்புப் புற்றுகள் எல்லாம் சேர்ந்து ஐயாயிரம். அதனால் மழைக்கு ஒதுங்கும் மேடு தோப்புக்கே" என்று எறும்புகளின் வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னது மரவட்டை.

ஒற்றைப் புற்றின் எறும்பு ஒன்று சீறியது. "உள்ளே முட்டைகளைப் பார்த்துக்கொள்கிற எங்களை எண்ணினீங்களா?"

"வாசலைத் தாண்டி இரை சுமந்தால்தானே உழைப்பு? நீங்களெல்லாம் சும்மா இருப்பவர்கள், தாயி."

அப்போதே தூறல் விழுந்தது. ஒற்றைப் புற்றிலிருந்தும் தோப்புப் புற்றுகளிலிருந்தும் அந்தச் சும்மா இருப்பவர்கள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மரவட்டை எண்ணியது, கணக்கைத் தவறவிட்டது, மறுபடி எண்ணியது. அதற்குள் எல்லோரும் மேடேறிவிட்டார்கள். இடம் தாராளமாகவே இருந்தது. ஒரு முட்டைகூட நனையவில்லை.

மழை வலுத்துக் கீழே தண்ணீர் ஏறியும் மரவட்டை எண்ணிக்கொண்டே நின்றது.

"ஐயா, சும்மாதானே இருக்கீங்க? மேலே வாங்க!" என்று கூப்பிட்டது அந்த எறும்பு.