பத்துப் பொருத்தமும் உள்ள இருவர்

ஜாதகம் பார்ப்பது நின்றுபோய், ஈரோட்டில் இப்போது கதை பார்க்கிறார்கள். பெண்ணும் பையனும் ஆளுக்கொரு கதை எழுதித் தர வேண்டும். அதில் வரும் கற்பனை ஆளின் குணம், ஆசை, சிக்கல் மூன்றையும் அலசி எந்திரம் பொருத்தம் சொல்லும். சொந்தமாக எழுதப் பயந்தவர்கள் ரகசியமாகத் தில்லைநாயகியிடம் வந்து எழுதி வாங்கிப் போனார்கள்.

அன்று மதியம் நித்திலாவும் அவள் அம்மாவும் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள்.

"பத்துக்குப் பத்துங்க. பையனோட கதையப் பாருங்க, எத்தன தங்கமான ஆளு," என்றாள் அம்மா.

தில்லைநாயகி வாங்கிப் படித்தாள். கோபம் வந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவன். கடல் பார்க்க ஏங்குகிறவன். மனதில் உள்ளதைச் சொல்லத் தெரியாதவன். போன மாதம் பவானியிலிருந்து வந்த ஒருவனுக்கு அவளே எழுதிக் கொடுத்த ஆள். நித்திலாவுக்காக அவள் எழுதிய கதைப் பெண்ணுக்கும் கடல் ஆசைதான். பொருந்தாமல் எங்கே போகும்? இன்னும் கடலைப் பார்க்காதவள் தில்லைநாயகி.

அம்மா செருப்பு மாட்ட வாசலுக்குப் போனதும் நித்திலா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம அவரு பாக்க வர்றது என்னைய இல்லீங்க, நீங்க எழுதுன பொண்ணத்தான். அவளாட்டம் எனக்குப் பேச வராதுங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

தில்லைநாயகி ஒரு துண்டுத் தாளில் ஒரு கைபேசி எண்ணை எழுதி நீட்டினாள்.

"நேத்து பவானியில இருந்து மறுபடி வந்த தம்பி இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் கேட்டாரு. நீங்களே பேசிக்கங்க."