முதல் மோப்பம்

"இலை எண்ணெய்தான் மேடம். ஜில்லுன்னு நேரா நெத்திக்கு ஏறுது. சோம்பு வாசனை துளிகூட இல்ல."

முந்திரிக்கொட்டை இன்றும் முந்திக்கொண்டாள்.

அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆய்வகமே 'கோல்டு மெடல்' என்று கூப்பிடும் சீனியர், மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர்.

மேடம் எண்ணெயில் நனைத்த காகிதத் துண்டை வாங்கினார். மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். ஆமாம், இலைதான், மெஷினுக்கு அனுப்பலாம் என்றார்.

கோல்டு மெடலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சளிக்கும் மூக்கடைப்புக்கும் தைலம் தயாரிக்கும் கம்பெனி அது. மழைக்காட்டு மரம் ஒன்றின் எண்ணெய்தான் அந்தத் தைலத்துக்கு உயிர். மரம் ஒன்றுதான், ஆனால் இலைக்கு ஒரு குணம், பட்டைக்கு ஒரு குணம். இலையில் உள்ள சினியோல் சளியை இளக்கும். பட்டையில் இருப்பது எஸ்ட்ராகோல். சோம்பு மாதிரி இனிப்பாக மணக்கும்; அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது என்ற சந்தேகம் உண்டு. போதாததற்கு, பட்டையை உரித்தால் மரமும் பட்டுப்போகும். அதனால் இங்கே இலை எண்ணெய் மட்டும்தான். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பட்டையையும் சேர்த்து வடித்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

எந்த டின் வந்தாலும் முதலில் மேடம் முகர்ந்து பார்க்க வேண்டும். பட்டை என்றால் அங்கேயே திருப்பிவிடுவார். தேறியதை மெஷின் இன்னொரு முறை சோதிக்கும்.

இதற்கு நடுவில் இவளுக்கு என்ன வேலை?

வேறென்ன, மேடத்துக்கு அடுத்த நாற்காலி காலியாகப் போகிறது. அதற்குத்தான் இந்தக் கூப்பாடு. காய்ச்சல் லீவு முடிந்து வந்ததிலிருந்து மேடமும் அவள் பக்கத்தில் இல்லாமல் டின்னைத் திறக்கவே விடுவதில்லை. சாப்பிடப் போனாலும் அவள்தான் கூட. அந்த எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒருத்தி இந்தப் பக்கம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறாளே, அது மட்டும் மேடத்தின் கண்ணில் படாது.

பொறாமையா? யார் சொன்னது? காதில் ஒரு வாசனையின் பெயரைப் போட்டுவிட்டால், அப்புறம் மூக்குக்கும் அதுதான் தெரியும். பிறகு அதற்குப் பெயர் சோதனையா, ஒத்து ஊதுவதா?

இதையே மானேஜரிடம் போய் வாதாடினாள். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. நாளைக் காலையில் தானே வந்து நிற்பதாகவும், மேடத்தைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். முறையாக வேலை செய்யத் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த நாற்காலி என்றும் சொன்னார்.

நாற்காலி கிடைத்த மாதிரிதான். கோல்டு மெடலின் நடையே மாறிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் முந்திரிக்கொட்டை, கை கழுவும் இடத்தில் அவளை வழிமறித்தாள்.

"அக்கா, மானேஜர்கிட்ட சொல்லி இத நிறுத்திடுங்க. அந்தப் போஸ்ட் எனக்கு வேணாம். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்."

"அப்ப எதுக்குடி எப்பவும் முந்திக்கிட்டுக் கத்தற?"

அவள் குழாயைத் திருகி மூடினாள்.

"பழகிடுச்சுக்கா."

என்னமா நடிக்கிறாள் என்று தோள்பட்டையை இடித்துக்கொண்டு போனாள் கோல்டு மெடல்.

மறுநாள் டின் வந்தது. எண்ணெய் நெடி ஒத்துக்கொள்ளாது என்று முகக்கவசம் மாட்டிக்கொண்டு மானேஜர் வாசலோடு நின்றார். கோல்டு மெடல் தானே மூடியைத் திருகி, காகிதத்தை நனைத்தாள்.

குப்பென்று அடித்தது சோம்பு. மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், பட்டை என்று.

மேடம் வாங்கி முகர்ந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மறுபடியும் முகர்ந்தார். கண்ணைத் திறந்து, முந்திரிக்கொட்டையின் உதடுகளைப் பார்த்தார்.

அவை இறுக மூடியிருந்தன. கண்கள்தான் கலங்கியிருந்தன.

"என்ன மேடம், இலையா பட்டையா?" என்றார் மானேஜர்.

மேடம் காகிதத்தை மூக்கில் படும்படி பிடித்து இன்னொரு முறை முகர்ந்தார். எதையாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

கோல்டு மெடலுக்கு அப்போதுதான் உறைத்தது. மேடம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த பிறகுதானே அந்தக் கூப்பாடே தொடங்கியது! இவ்வளவு பக்கத்தில் பிடித்தும் அவருக்கு எதுவும் மணக்கவில்லை. மோப்பம் திரும்பும்வரை அந்தப் பெண்தான் அவருக்கு மூக்கு. இது வெளியே தெரிந்தால், முகர்ந்து பார்க்கிற வேலையில் மேடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

"பட்டை மேடம்!"

கத்தியது கோல்டு மெடல்.

"சோம்பு வாடை ஆளைத் தூக்குது. திருப்பி அனுப்பிடலாம் மேடம்."

மேடம் மெல்ல மூச்சு விட்டார். "ஆமா. பட்டைதான்."

மானேஜர் முகக்கவசத்தை இறக்கினார். "ஏம்மா, யாரும் பேசக் கூடாதுன்னு என் உயிர எடுத்ததே நீங்கதானே? உங்களால ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு நிக்க முடியல. உங்களை நம்பி எப்படி அந்தப் போஸ்ட்டக் குடுக்கறது? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

முந்திரிக்கொட்டை தலையை நிமிர்த்தினாள்.

அவள் எதுவும் சொல்லிவிடுவதற்குள் கோல்டு மெடல் முந்திக்கொண்டாள்.

"பொறாமைதான் சார். இன்னைக்காவது இவளுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்னு."