தேதி சொன்னவர்

"நேத்தோட உலகம் அழியும்னு எழுதினியே, அழிஞ்சுதாய்யா?"

இன்ஸ்பெக்டர் மேசையின் மேல் லத்தியை உருட்டிக்கொண்டே கேட்டார். எதிர் பெஞ்சில் இருந்தவர் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயின்டர். தெருவில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பிரளயம்'. நகக்கண்களில் சிவப்புப் பெயின்ட் இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது.

"அழியலை சார்" என்றார். சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிப்பு வேறயா? இது நாலாவது தடவை. ஒவ்வொரு தேதியும் புஸ்ஸுன்னு போகுது. மானம் இருக்கிறவன் மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத் திரிவான். நீ என்னடான்னா, தேதி பொய்யாப் போன மறுநாள் தெருவுல போறவங்களுக்கெல்லாம் மிட்டாய் நீட்டுறியாம்!"

வாசலோரம் நின்ற கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கும் நீட்டினார் சார். அதே தெருதானே நானும். எங்க வீட்ல நேத்து அடுப்பே மூட்டலை. எப்படியும் போகப் போறோம், பாத்திரத்தை யார் தேய்க்கிறதுன்னு கேட்டுட்டா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"உனக்குத் தமாஷா இருக்கு. தையல்காரம்மா ஒருத்தங்க மெஷினையே வித்துட்டு, காலையில இங்க வந்து அழுதாங்க. ஒரு பையன் பரீட்சைக்குப் போகாம வீட்லயே படுத்துட்டான். எல்லாம் இவன் சுவத்துல எழுதினதை எவனோ படம் பிடிச்சு போன்ல அனுப்பினதால."

பெயின்டரின் சிரிப்பு அணைந்தது.

"பாவம் சார் அந்தம்மா. நான் என் வீட்டுக்கு எதிர் சுவத்துல மட்டும்தான் எழுதினேன். யாருக்கும் அனுப்பலை. இப்படி ஊரெல்லாம் பரவும்னு நினைக்கலை."

"ஆளுயரத்துக்கு எழுதிட்டு, பரவும்னு நினைக்கலையாம்! சரி, கணக்குப் போட்டது யாரு? நீயா?"

"எனக்கு எழுத்து மட்டும்தான் சார் தெரியும். தேதி சொல்றது வேற ஒருத்தர். பெரிய படிப்பு படிச்சவர்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படி வா வழிக்கு. யாருய்யா அந்தச் சாமியார்?"

"சாமியார் இல்லை சார்."

"பின்னே ஜோசியனா? பேர் என்ன? எங்க இருக்கான்?"

பெயின்டர் நகத்தில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார்.

"நாலு தடவை பொய் சொல்லியிருக்கான். இன்னும் அவனையே நம்புறியா?"

"அவர் பொய் சொல்றவர் இல்லை சார். அவர் வார்த்தை பலிக்கக் கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிறதே நான்தான்."

"பைத்தியமாய்யா நீ? வேண்டிக்கவும் செய்வே, எழுதவும் செய்வியா? பேரைச் சொல்லு. அவனைப் பிடிச்சு உள்ளே தள்ளிட்டு உன்னை விட்டுடறேன்."

"வெளியே தெரிஞ்சா எல்லாம் வீணாயிடும் சார்." பெயின்டர் கைகளைக் கூப்பினார். "என்னை இப்ப அனுப்பிடுங்க. காலையில வீட்டை விட்டு வந்தது. நாளைக்கு நானே வந்து உட்கார்றேன்."

"போய் என்ன பண்ணுவே? அடுத்த தேதி எழுதுவியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்குத்தான் அவரைக் கேட்கணும் சார்."

இன்ஸ்பெக்டர் லத்தியால் மேசையில் ஓங்கி அடித்தார். "பேர் வாயிலேர்ந்து வர்ற வரைக்கும் இவனை வெளியே விடாதே! போனை வாங்கி இங்கே வை."

மேசை மேல் வைத்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

பெயின்டர் துள்ளி எழுந்தார். "வீட்லேர்ந்து சார். ஒரே ஒரு நிமிஷம்..."

"பேரைச் சொல்லிட்டு எடு."

பெயின்டர் வாயைத் திறந்தார். கண் கான்ஸ்டபிள் பக்கம் போயிற்று. திறந்த வாய் மூடிக்கொண்டது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து அணைத்து இழுப்பறைக்குள் போட்டார்.

"பிடிவாதம் உனக்கு மட்டும்தான்னு நினைச்சியா?"

வெயில் சாயும் நேரத்தில் பெயின்டரின் மனைவி வந்தாள். காலில் செருப்பு இல்லை. கணவனைப் பார்த்தாள். பிறகு நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவரை விட்டுடுங்க சார். இனிமே எழுத மாட்டார்."

"நாலு தடவை எழுதுறப்போ எங்கேம்மா போயிருந்தே? அப்பவே புத்தி சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நீயாவது சொல்லு. இவனுக்குத் தேதி சொல்ற ஆளு யாரு?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"எங்க பொண்ணைப் பார்க்கிற டாக்டர். இந்த நாளைத் தாண்ட மாட்டாள்னு ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி சொல்லுவார். ஊரே நல்லா இருக்கு, நான் மட்டும் ஏம்மா சாகணும்னு விடிய விடிய அழுவா. நீ மட்டும் இல்லைடா, எல்லாரும்தான் போறோம்னு, அவ ஜன்னலுக்கு நேரா இவர் எழுதிக் காட்டினார்."

லத்தி இன்ஸ்பெக்டரின் கையிலேயே நின்றது.

பெயின்டர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். "ஐயோ, இங்கே ஏன் சொல்றே? அந்தக் கான்ஸ்டபிள் நம்ம தெருக்காரர். அவ காதுக்குப் போயிடப் போகுது!"

"இனிமே போகாதுங்க" என்றாள் அவள். "அப்பா எங்கேன்னு கேட்டுட்டே இருந்தா. அவர் முன்னாடியே போயிட்டார்னு சொன்னேன். அதுக்கப்புறம் அழாமத்தான் போனா."