மூன்று மாதப் பாடம்

"எலி எங்கேருந்து வருது?"

"குப்பையிலேருந்து மிஸ்!" வாசலில் நின்ற விழிப்புணர்வு வண்டியின் ஒலிபெருக்கியையும் மிஞ்சிக் கத்தியது வகுப்பு.

"கரப்பான்?"

"அதுவும் குப்பையிலேருந்துதான்!"

கேள்வி கேட்ட சுகாதார ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக வாரம் தவறாமல் அந்த வண்டியில் வந்து தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறார். தெருமுனையில் குப்பை மட்டும் மலையாக வளர்ந்துகொண்டே போகிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு!

"எல்லாம் தெரியுதில்ல? அப்புறம் ஏன் தெருவுல கொண்டுபோய்க் கொட்டுறீங்க?"

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "கொட்டலை மிஸ். எங்கம்மா பையில கட்டித்தான் வைக்கிறாங்க. எடுத்துட்டுப் போக குப்பை வண்டி வந்தே மூணு மாசமாச்சு. எலி கடிச்சுப் பிரிச்சுப் போட்டுடுது."

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"இந்தத் தெருவுக்கு ஏங்க குப்பை வண்டி அனுப்பல? பசங்க முன்னாடி என் மானமே போகுது!"

"என்ன மேடம், தெரியாத மாதிரி கேக்குறீங்க?" என்றார் குமாஸ்தா. "அதைத்தானே கழுவி, பெயிண்ட் அடிச்சு, எலிப் படம் வரைஞ்சு, மைக் கட்டி உங்ககிட்ட கொடுத்திருக்கோம்!"